சீலிங் காரை விழுந்த வீடுகள்: உங்கள் வீட்டில் எப்படிச் சரிசெய்தீர்கள்?

நாகப்பட்டினத்திலிருந்து:

போன ஐப்பசி அடைமழையில், விடியற்காலை நாலு மணிக்கு, அம்மா படுத்திருந்த கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி சீலிங் காரை விழுந்தது. தாம்பாளம் அகலம். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

1991ல் அப்பா கட்டிய வீடு. கடல் கூப்பிடு தூரம். காங்கிரீட் கலந்தது எங்கள் கிணற்றுத் தண்ணீரில், அது கரிக்கும். கம்பி போடும் காங்கிரீட்டுக்கு, கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு, அதாவது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்புச் சத்து, கூடாது என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்வதை இப்போதுதான் படித்தேன். அப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அன்று எங்கள் தெருவே அப்படித்தான் கட்டியது.

முன்பும் ஒருமுறை விழுந்த இடம்தான் அது. அப்போது வந்த கொத்தனார் துருப்பிடித்த கம்பி மேலேயே சிமெண்ட் பூசி வெள்ளையடித்துவிட்டுப் போனார். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இரும்பு துருவானால் பல மடங்கு ஊதும். உள்ளே கம்பி ஊதிக்கொண்டிருந்தால் மேல் பூச்சை அது தள்ளத்தானே செய்யும்?

இந்த முறை வந்த மேஸ்திரி கரண்டியை எடுக்கவே இல்லை. சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் 'டங்' என்றது, உள்ளே விட்டுப்போன இடத்தில் 'பொத்' என்றது. பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத இடங்களில் ஐந்து வட்டம்! "தம்பி, இதையும் சேர்த்து எடுத்துடணும். ஒண்ணை விட்டாலும் அடுத்த மழைக்கு இதே கதைதான்" என்றார்.

கீழே முட்டு கொடுத்து, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையுமளவு கொத்தினார்கள். ஒயர் பிரஷ் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துருவைத் தடுக்கும் ஜிங்க் பிரைமர் அடித்தார்கள். பிறகு பழைய காங்கிரீட்டோடு புதுப்பூச்சு ஒட்டுவதற்காக லேடெக்ஸ் என்ற பசை கலந்த சிமெண்ட் பாலைத் தடவி, அது காய்வதற்குள் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையை அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றினார்கள். மொட்டைமாடித் தட்டோடு இடுக்குகளையும் அடைத்தோம், தண்ணீர் இறங்கிய வழியே அதுதான். இந்தத் தடவை கலவைக்கு லாரித் தண்ணீர்.

தூத்துக்குடியிலிருந்து:

எங்களுக்கு சன்ஷேடு. அண்ணே, ஒன்று கட்டாயம் சொல்லணும். சீலிங்கில் முக்கியக் கம்பி பெரும்பாலும் அடிப்பக்கம் ஓடும், சன்ஷேடில் மேல்பக்கம் ஓடும். அதனால் மேலே, சுவரை ஒட்டி விரிசல் கண்டால் அடியில் நிற்கவே கூடாது. முட்டுக் கொடுக்காமல் மேலே கொத்தவும் கூடாது. எங்கள் சன்ஷேடில் கம்பி பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. இன்ஜினியர் பார்த்துவிட்டு ஒட்டுப்போட வேண்டாம் என்றார். உடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம்.

புதுச்சேரியிலிருந்து:

மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே எங்களுக்கு இரண்டு முறை விழுந்தது. பைப் ஒழுக்கை நிறுத்திய பிறகு செய்த பூச்சு நாலு வருஷமாக நிற்கிறது. மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.