தார்ன் பேர்ட்ஸை யாரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள்?

மல்லிகைப்பந்தல், சிட்னி

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டிக்கு 84 வயது. 2025 மார்ச் முடியும் நேரம், ஒரு நாள் காலையில் கதவைத் தட்டி, குட் மார்னிங் கூடச் சொல்லாமல், "ஃபாதர் ரால்ஃப் போய்விட்டார், தெரியுமா?" என்றார். பக்கத்து சர்ச் சாமியார் யாரோ போலிருக்கிறது என்று நினைத்து, அடக்கம் எப்போது என்றுகூடக் கேட்டுவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அவர் சொன்னது நடிகர் ரிச்சர்ட் சேம்பர்லினை. 91-வது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹவாயில் இறந்திருக்கிறார். நாற்பது வருடத்துக்கு முன்னால் நடித்த ஒரு பாத்திரத்தின் பெயரில் ஒருவருக்குத் துக்கம் விசாரிக்கிறார்கள் என்றால் அந்தத் தொடர் வீடுகளுக்குள் எந்த அளவுக்குப் புகுந்திருக்க வேண்டும்!

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. காலீன் மெக்கல்லோ 1977-இல் எழுதிய நாவல் தி தார்ன் பேர்ட்ஸ். ஆஸ்திரேலிய ஆட்டுப் பண்ணை ஒன்றில் வளரும் மெகி என்கிற பெண்ணுக்கும், ரால்ஃப் என்கிற கத்தோலிக்கப் பாதிரியாருக்கும் காதல். அவர் அவளை விட்டு ரோமுக்குப் போய் கார்டினலாகிறார், ஆனாலும் விடவில்லை. பேப்பர்பேக் உரிமை மட்டும் 19 லட்சம் டாலருக்குப் போனது, அந்தக் காலத்தில் அது ஒரு சாதனைத் தொகை. எழுதியவர் அப்போது அமெரிக்காவில் யேல் மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் ஆய்வுக்கூடம், ராத்திரியில் டைப்ரைட்டர். 1983-இல் அமெரிக்காவின் ஏபிசி அதை நான்கு இரவுத் தொடராக எடுத்தது.

சரி, பாட்டி கதைக்கு வருகிறேன். அவருடைய அப்பா நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பக்கம் பண்ணை பண்ணையாகப் போய் ஆட்டு ரோமம் கத்தரித்தவர். என்னிடம் டிவிடி இருந்தது. நான்கு சாயங்காலம், அவர் வீட்டு சோபாவில், ஒரு கம்பளியை இரண்டு பேரும் காலில் போட்டுக்கொண்டு பார்த்தோம். முதல் அரைமணி முழுக்க ஒரே கேலிதான். "இது எந்த ஊர் மலை? ஒரு யூகலிப்டஸ் மரத்தைக் காணோமே" என்றார். உண்மைதான், கதை நடக்கும் டிரோகீடா பண்ணை மொத்தமும் கலிஃபோர்னியாவில் சிமி பள்ளத்தாக்குப் பக்கம் எடுத்தது, குவீன்ஸ்லாந்து கரும்புக்காடு என்று காட்டுவது ஹவாய். முக்கியமான நடிகர்களில் பிரையன் பிரவுன் ஒருவர்தான் ஆஸ்திரேலியர், அவர் வாயைத் திறந்ததும் பாட்டி, "அப்பாடா, ஒரு மனுஷன் பேசுகிறான்" என்றார். அந்த மனுஷன் செய்யும் வேலையைப் பார்த்ததும் அதையும் வாபஸ் வாங்கிக்கொண்டார். கட்டின மனைவி மெகியை வேறொரு வீட்டில் சமையலுக்கு விட்டுவிட்டு, அவள் சம்பளத்தையும் பிடுங்கிக்கொண்டு கரும்பு வெட்டப் போகிறானே, லூக், அந்த ஆள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. மேரி கார்சன் என்று பண்ணையின் முதலாளியம்மா, பார்பரா ஸ்டான்விக் நடித்தது. படப்பிடிப்பின்போது அவருக்கே 75 வயதை ஒட்டி இருக்கும். மழையில் நனைந்து வந்து உடை மாற்றும் அந்த இளம் பாதிரியார் முன்னால் நின்றுகொண்டு, உடம்பு கிழடாகிவிட்டது, உள்ளே இருக்கும் நான் இன்னும் ஆகவில்லையே என்று அவள் கொதிக்கும் இடம். ஊரெல்லாம் மெகியும் ரால்ஃப்பும் ஒரு தீவில் சேர்ந்திருக்கும் அந்தச் சில நாட்களைத்தான் பேசும். பாட்டி டீக்கோப்பையைக் கீழே வைத்தார், ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கினார், திரும்ப ஓடவிட்டார். இரண்டு முறை. ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கணவர் போய் 19 வருடம்.

நீங்கள் யாரோடு பார்த்தீர்கள்? எந்த இடத்தில் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்? அதைச் சொல்லுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம், அதை நானே முடித்துவிட்டேன்.

முத்துக்குளி, நியூ ஜெர்சி

அக்கா, நான் முதல் ஒளிபரப்பிலேயே பார்த்தவள், கல்யாணமாகி வந்து எட்டு மாதம். சொந்த ஊர் தூத்துக்குடி, பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். முதல் பகுதி வந்தது 1983 மார்ச் 27, அது என்ன நாள் தெரியுமா? குருத்து ஞாயிறு! புனித வாரம் தொடங்குகிற அன்றைக்கா ஒரு சாமியார் காதல் கதையைப் போடுவார்கள்? ஆயர்கள் தரப்பிலிருந்தே எதிர்ப்பு வந்தது. எங்கள் கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார், இன்று இரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு குடும்பமாக ஜெபமாலை சொல்லுங்கள் என்றார். அந்த நிமிடம்வரை எனக்கு இப்படி ஒரு தொடர் வருவதே தெரியாது.

மாமியார் அப்போது எங்களோடு இருந்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது. குருத்தோலையைச் சிலுவை மாதிரி மடித்துப் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தார். திரையில் அங்கி போட்ட சாமியாரைப் பார்த்ததும் ஏதோ புனிதர் கதை என்று நினைத்துவிட்டார். "எந்த சபைச் சாமி இவரு? நல்ல களையா இருக்காரே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் பக்தியாகவே போனது. செவ்வாய்க்கிழமை தீவு. மாமியார் கொஞ்சநேரம் பார்த்தார், செபமாலையை எடுத்தார், ஆனால் எழுந்து போகவில்லை. புதன் இரவு, சாமியாராகி, கடலில் மூழ்கிப்போன மெகியின் பையன் தன் மகன்தான் என்று ரால்ஃப்புக்குக் கடைசியில் தெரியவருகிறதே, அப்போது மாமியார் சொன்னது: "பெத்தவன்னு தெரியாமலே அவனுக்குப் பட்டம் குடுத்திருக்கான் பாவி." மொழி தெரியாமல் முழுக் கதையும் புரிந்திருக்கிறது! பெரிய வியாழன் காலையில் எங்களைக் கூப்பிட்டு, ஊருக்குக் கடிதம் எழுதும்போது இதை எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

பழைய ரேடியோ, மதுரை

நான் தொடர் பார்த்தது வெகுநாள் கழித்து. புத்தகம்தான் முதலில். எங்கள் தெரு லெண்டிங் லைப்ரரியில் ஒரே பிரதி, பிரவுன் பேப்பர் அட்டை, பெயர் எழுதியிருக்காது. கையில் எடுத்து விட்டால் தானாக ஒரே இடத்தில் திறந்துகொள்ளும். அந்தப் பக்கங்களை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன், ஒப்புக்கொள்கிறேன். முப்பது வயதுக்கு மேல் முழுதாகப் படித்தபோதுதான் தெரிந்தது, அதில் பாதி வறட்சி, தீ, ஆடு, ஈ, தூசி. பணம் எப்படி ஒரு குடும்பத்தைக் கட்டிப்போடுகிறது என்பதுதான் கதையே. மேரி கார்சன் ஒரு கோடியே முப்பது லட்சம் பவுண்டைச் சர்ச்சுக்கு எழுதிவைத்து, அந்த உயிலைக் காட்டுவதா எரிப்பதா என்று ரால்ஃப் கையிலேயே கொடுத்துவிட்டுச் சாகிறாள். அவர் எரிக்கவில்லை. அவர் செய்த பாவம் அதுதான், தீவில் நடந்ததெல்லாம் அதற்கு அப்புறம்.

நடுநிசி

சண்டைக்கு வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு 27 வயது, போன மாதம்தான் பார்த்தேன், தனியாக, போனில். எல்லோரும் உருகுகிறீர்கள். அவளை அவர் முதலில் பார்க்கும்போது அவளுக்குப் பத்து வயது! தூக்கிக் கொஞ்சி வளர்த்துவிட்டுப் பிறகு காதல் என்றால் எனக்கு நெளிகிறது. இதே ஆளாகச் சேம்பர்லின் மாதிரி அழகன் இல்லாமல், தொப்பை வைத்த ஒருவர் நடித்திருந்தால் ஒருத்தராவது அழுதிருப்பீர்களா? பின்னணியில் ஹென்றி மன்சினி இசை வேறு, தப்பை எல்லாம் கழுவித் துடைத்து வைத்துவிடுகிறது.

பழைய ரேடியோ, மதுரை

தம்பியோ தங்கையோ, நீங்கள் சொல்வது நியாயம்தான். நாவலில் அவருடைய பதவி ஆசை இன்னும் கொடூரமாகத் தெரியும். திரையில் அந்த முகம் வந்ததும் பாதி மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. எழுதின அம்மாவுக்கே தொடர் சுத்தமாகப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே திட்டினார்.

வல்லைவெளி, லண்டன்

நான் இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, நவம்பரில் லண்டன் வந்து சேர்ந்தேன். ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் ஐந்து பெடியள். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். கீழே வீட்டுக்காரி, அயர்லாந்துக்காரி, கணவர் இல்லாத மனுசி, தன்ரை வரவேற்பறையில் ஹீட்டர் போடுகிற நேரம் எங்களையும் வந்து இருக்கச் சொல்வார். 1984 ஜனவரியில் பிபிசி தார்ன் பேர்ட்ஸைப் போட்டது. அதே காலத்தில் ஐடிவியில் இந்தியாவில் வெள்ளைக்காரரின் கடைசிக் காலத்தைப் பற்றிய தி ஜுவல் இன் தி கிரவுன் என்ற தொடர். பிபிசி அமெரிக்கச் சரக்கை வாங்கிப் போடுகிறது, தனியார் நிறுவனம் தரமானதை எடுத்திருக்கிறது என்று பத்திரிகைகளில் பெரிய கண்டனம். வீட்டுக்காரி எங்களைப் பார்த்து, உங்களுக்கு மற்றதுதானே விருப்பமாக இருக்கும், உங்கடை ஆக்கள் வருகினம் என்றார். நாங்கள் ஐந்து பேரும் ஒரே குரலில், இல்லை, இதுவே இருக்கட்டும் என்றோம். எங்களுக்குச் சாமியாரும் தெரியாது, கதையும் தெரியாது. வெயில் தெரிந்தது, அவ்வளவுதான். காய்ந்த தரை, வெயில், பெரிய விறாந்தை வைத்த வீடு.

பண்ணை தீப்பற்றி எரிகிற பகுதி வந்த இரவு, மெகியின் தகப்பன் தீயில் அகப்பட்டுப் போகிறார், தேடிப்போன மகன் ஸ்டூவர்ட்டைக் காட்டுப்பன்றி கொன்றுவிடும். எங்களில் ஒருவன், கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெடியன், எழும்பி வாசலுக்குப் போய் நின்றான். சப்பாத்து இல்லாமல், அந்தக் குளிரில். நான் போய்க் கூப்பிடவில்லை. வீட்டுக்காரிதான் போனார், தன்ரை கோட்டை அவன் தோளில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து ரிவியை நிற்பாட்டினார். அடுத்த கிழமை தொடர் வந்த நேரம் அவர் ஒன்றும் சொல்லாமல் ஐடிவியைப் போட்டார். மிச்சக் கதையை நான் 2003-இல்தான் பார்த்தேன்.

முத்துக்குளி, நியூ ஜெர்சி

அண்ணா, இதைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை.

கூடு

நான் பறவை பார்க்கிற ஆள், மெல்போர்ன். உணர்ச்சிவசப்பட்ட இடத்தில் குறுக்கே வருகிறேன், திட்டாதீர்கள். நாவலின் தலைப்பில் வருகிற, முள்ளில் நெஞ்சைக் குத்திக்கொண்டு வாழ்நாளில் ஒரே ஒரு முறை பாடிச் சாகும் பறவை உலகத்தில் கிடையாது. ஆனால் பெயரில் முள் உள்ள பறவை எங்கள் ஊரில் உண்டு, தார்ன்பில் என்போம். பழுப்புத் தார்ன்பில் மொத்தமே ஏழு கிராம் எடை. அதன் கூட்டைக் கரவாங் என்ற பெரிய பறவை சூறையாட வரும்போது, இந்தச் சுண்டைக்காய் மற்றப் பறவைகளின் குரலில், "பருந்து வருது" என்கிற எச்சரிக்கைச் சத்தத்தைப் போட்டு அதை ஏமாற்றும். கரவாங் மிரண்டு வானத்தைப் பார்க்கும், அந்த இடைவெளியில் குஞ்சுகள் தப்பிவிடும். உயிரை விடுவதற்காக எல்லாம் இது பாடாது. மெகிக்கு இந்தப் பறவையின் பெயரை வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும், குழந்தை யாருடையது என்று கடைசிவரை மூச்சுவிடாமல் காத்தவள் அவள்தானே.

இன்னொன்று. பார்பரா ஸ்டான்விக்குக்கு அந்த மேரி கார்சனுக்காக எம்மி என்கிற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது கிடைத்தது. மேடையேறி, தன்னோடு போட்டியிட்ட ஆன்-மார்கிரெட்டைத்தான் புகழ்ந்துவிட்டு இறங்கினார்.

மல்லிகைப்பந்தல், சிட்னி

எல்லாவற்றையும் பாட்டிக்கு வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். தூத்துக்குடி மாமியாரைத் தனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்கிறார். லண்டன் அண்ணா எழுதியதைக் கேட்டு, அந்த வீட்டுக்காரி பெயர் என்ன என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை. நடுநிசிக்கு ஒரு செய்தி: "அந்தப் பிள்ளை சொல்வது சரி, ஆனால் அந்தப் பிள்ளை 1983-இல் அவரைப் பார்க்கவில்லை."

எழுதியவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது பாட்டிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. 2015-இல் மெக்கல்லோ இறந்தபோது இங்கே ஒரு பெரிய பத்திரிகை அஞ்சலிக் குறிப்பில், அவர் அழகில்லாதவர், குண்டானவர் என்று தொடங்கி எழுதியது, நாடே கொதித்தது. உலகம் முழுக்க மூன்று கோடிப் பிரதி விற்றவரைப் பற்றி! அந்தப் பேப்பரைப் பாட்டி அன்றோடு நிறுத்திவிட்டாராம்.

நேற்று 1996-இல் வந்த இரண்டாவது தொடரைப் பற்றிச் சொன்னேன். முதல் தொடர் தாண்டிக் குதித்துவிட்ட போர்க்கால வருடங்களை வைத்து எடுத்தது. மெகியாக வேறு நடிகை, முதலில் நடித்த ரேச்சல் வார்ட் இல்லை, அவர் பிரையன் பிரவுனையே கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டார் என்றேன். "அந்த லூக்கையா? கதையில் பட்டது போதாதா" என்றார். அப்புறம் கேட்டார், சாமியார் யார்? அதே சேம்பர்லின்தான், 60 தாண்டிவிட்டது, பழைய தொடரின் நடுப்பகுதி வயதில் நடித்திருக்கிறார், பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும் என்றேன்.

பாட்டி கம்பளியை எடுத்து என் காலிலும் போட்டார். "கஷ்டமா இல்லையான்னு நான் சொல்கிறேன். நீ போடு."