தேதி முடியாத பால் புளிக்காமலே திரிகிறது, பனீருக்கு ஆகுமா?

இடம் திருச்சி. அரை லிட்டர் டோன்டு பால் பாக்கெட், தேதி முடிய இன்னும் ஒரு நாள் இருக்கிறது. வாங்கிய அன்றே காய்ச்சினால் ஒன்றும் ஆவதில்லை. பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் அடுப்பில் ஏற்றினால், பொங்குவதற்குள் திட்டுத்திட்டாகத் திரிகிறது. சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து இப்படித்தான்.

ஆனால் புளிப்பே இல்லை. காய்ச்சுமுன், புளிப்பை அளக்கும் பிஎச் தாளில் 6.6, நல்ல பாலுக்கு உரிய அளவு. வாடையும் இல்லை, நாக்கில் கடைசியாக லேசான கசப்பு மட்டும்.

பாக்கெட்டைக் கதவுத் தட்டிலிருந்து ஃப்ரீசருக்குக் கீழே மாற்றியாயிற்று. அங்கே தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டுகிறது. பாத்திரத்தைக் கொதிநீரில் அலசியும் பார்த்தாயிற்று. சோடா உப்பு யோசனை வேண்டாம், அது புளிப்பைத்தான் மறைக்கும். கடை வாசலில் விடிகாலை ட்ரே வெகுநேரம் வெளியே கிடக்கிறது. சந்தேகம் அதன் மேல்தான்.

பண்ணையில் பாலைச் சூடாக்கிக் கிருமி கொல்லும் பாஸ்ச்சுரைசேஷனில் சாகாத பேசில்லஸ் பாக்டீரியா வித்துகள் முளைத்துப் புரதத்தை வெட்டினால், புளிக்காமலே திரியும். அவற்றில் பேசில்லஸ் செரியஸின் சில வகைகள் விடும் வாந்தி நச்சு கொதித்தாலும் அழியாது.

பால் பண்ணை, ஆய்வகத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: கசப்பு தட்டும் இந்தத் திரிந்த பாலைப் பனீராக்கலாமா, கொட்டிவிட வேண்டுமா?