கிரனாடாவில் ஒரு வார இறுதி: அல்ஹம்ப்ரா மட்டும் போதுமா, மூன்று ஊரையும் பார்த்துவிடலாமா?

கொலோன் மாணவி கேட்டது:

வணக்கம். ஜெர்மனியில் கொலோனில் முதுகலை படிக்கிறேன். மார்ச் நடுவில் ஒரு வார இறுதிக்கு நானும் என் அறைத்தோழியும் ஸ்பெயின் போகிறோம். மாலகாவுக்கு விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்ததால் அதை முதலில் எடுத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இறங்குவோம். ஞாயிறு இரவு எட்டரைக்குத் திரும்பும் விமானம்.

கிரனாடாவில் மலைமேல் இருக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. தோழியோ சனி காலை கிரனாடா, சனி மாலை கோர்தோபா, ஞாயிறு செவில் என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். இவ்வளவு தூரம் போய்விட்டு ஒரே ஊரைப் பார்த்துத் திரும்புவதா என்று கேட்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

அல்ஹம்ப்ரா டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா? நான் முட்டை சாப்பிடுவேன், கறியும் மீனும் கிடையாது. ஸ்பெயினில் பன்றிக்கறி இல்லாமல் எதுவுமே கிடைக்காது என்று இங்கே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். விமானச் செலவு போக ஆளுக்கு 200 யூரோவுக்குள் முடிக்க வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அல்ஹம்ப்ராவுக்குள் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வார இறுதிக்கானவை பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் கிளம்பாதீர்கள். அதிகாரபூர்வ இணையதளத்திலேயே வாங்குங்கள், பொது டிக்கெட் ஏறக்குறைய 20 யூரோ. அது உங்கள் பெயரில் இருக்கும், உள்ளே விடும்போது கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். உள்ளே சுல்தான்கள் வாழ்ந்த நஸ்ரித் அரண்மனைகளுக்கு மட்டும் தனியாக ஒரு நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அந்த அரை மணிக்குள் அரண்மனை வாசலில் நிற்க வேண்டும். பிரதான நுழைவாயில் இருப்பது மலையின் கிழக்குக் கோடியில். அங்கிருந்து அரண்மனை வாசலுக்கு நல்ல நடை, கால் மணி நேரமாவது ஆகும். இது தெரியாமல் கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம்.

நீர்வளப் பொறியியல் படித்தபோது பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் கிரனாடா பல்கலைக்கழகத்தில் இருந்தேன். அதனால் என் பேச்சு தண்ணீர்ப் பக்கம்தான் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஊர்த் திட்டத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கிரனாடாவிலிருந்து செவில் 250 கிலோமீட்டர், பேருந்தில் மூன்று மணி நேரம். கோர்தோபாவும் பக்கத்து ஊர் இல்லை. இரண்டு நாளில் இத்தனையையும் அடைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது பேருந்து நிலையங்கள்தான். அல்ஹம்ப்ரா ஒன்றுக்கே அரை நாளுக்கு மேல் வேண்டும், அதுவும் அவசரப்படாத அரை நாள்.

ஏன் என்று சொல்கிறேன். 1238-இல் நஸ்ரித் வம்சத்தின் முதல் சுல்தான் முதலாம் முகமது இங்கே குடியேற வந்தபோது, இந்த மலைமேல் ஒரு அரண்மனை நகரத்துக்குப் போதுமான தண்ணீர் கிடையாது. தாரோ ஆறு கீழே பள்ளத்தில் ஓடுகிறது. அவருடைய ஆட்கள் ஆற்றோடு எதிர்த்திசையில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் போய் ஒரு தடுப்பணை கட்டி, அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஆறு பள்ளத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகிறது. வாய்க்கால் மட்டும் மிக மெல்லிய சரிவில், உயரத்தை விட்டுக்கொடுக்காமல் வந்து மலைமேல் சேர்ந்துவிடுகிறது. அரச வாய்க்கால் என்றே அதற்குப் பெயர். ஹெனரலிஃபே தோட்டத்தின் நீண்ட முற்றத்தில் நடுவே ஓடுகிறதே, அது அந்த வாய்க்காலேதான். இரண்டு பக்கமும் வளைந்து விழும் நீர்த்தாரைகளைத்தான் எல்லோரும் படமெடுப்பார்கள், ஆனால் அவை பிற்காலத்தில் சேர்த்தவை. சுல்தான்கள் காலத்தில் அங்கே தண்ணீர் சத்தமில்லாமல் ஓடியிருக்கும். கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு படிக்கட்டு வரும். அதன் கைப்பிடிச் சுவரின் மேற்புறமே வாய்க்கால். நாம் ஏற ஏற, தண்ணீர் கைக்கு எதிராக இறங்கி வரும். மார்ச்சில் சில்லென்று இருந்தாலும் கையை வைத்துப் பாருங்கள்.

நஸ்ரித் அரண்மனைகளுக்குள் கொமாரஸ் முற்றத்துக் குளம் 34 மீட்டர் நீளம். அதன் இரண்டு முனைகளிலும் தரையோடு தரையாக ஒரு வட்டத் தொட்டி இருக்கும். ஊற்றுத் தண்ணீர் முதலில் அதில் பொங்கி, சின்னக் கால் வழியாக நகர்ந்து, வேகமெல்லாம் அடங்கிய பிறகுதான் குளத்தில் இறங்கும். குளத்தின் முகம் கலங்காமல் கோபுரம் தலைகீழாகத் தெரிவது இந்த ஏற்பாட்டால்தான். மக்கள் கோபுரத்தை எடுத்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் அந்தத் தொட்டியருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். அடுத்தது சிங்க முற்றம், ஐந்தாம் முகமது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டியது. 124 தூண்கள், நடுவில் 12 பளிங்குச் சிங்கங்கள் தாங்கும் ஒரு தொட்டி. சுற்றியுள்ள கூடங்களிலிருந்து நான்கு சிறு வாய்க்கால்கள் அந்தத் தொட்டியை நோக்கி ஓடி வரும். விளிம்பில் செதுக்கியிருப்பது இப்னு சம்ராக் என்ற அரசவைக் கவிஞரின் கவிதை. ஓடுவது தண்ணீரா பளிங்கா என்று தெரியவில்லை என்கிறார் அவர். தண்ணீர் வழியும்போது பார்த்தால் அது மிகையாகத் தோன்றாது. பக்கத்தில் இரு சகோதரிகள் கூடத்தில் அண்ணாந்து பார்க்காமல் வெளியே வந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள். 1492 ஜனவரி 2 அன்று கடைசி சுல்தான் போஅப்தில் இந்த நகரத்தைக் கத்தோலிக்க அரச தம்பதியான இசபெல்லா, பெர்டினாண்டிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு மார்ச் 31-இல் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றும் ஆணை பிறந்தது இங்கேதான். அழகை மட்டும் சொல்லி இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அரண்மனைகளுக்குப் பக்கத்தில் ஐந்தாம் சார்லஸ் 1527-இல் தொடங்கிய பெரிய மாளிகை இருக்கிறது. வெளியே சதுரம், உள்ளே வட்டம். அதற்கு டிக்கெட் வேண்டாம், ஒரு சுற்று போதும்.

சாப்பாடு பற்றிப் பயப்படாதீர்கள். கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் கூடவே சின்னத் தட்டில் ஏதாவது ஒரு சிற்றுண்டி இலவசமாக வரும், 'தாப்பா' என்பார்கள். அடுத்த பானத்துக்கு வேறொரு தட்டு. மது வேண்டாமென்றால் 'மோஸ்தோ' கேளுங்கள், திராட்சைச் சாறு. மாணவர்கள் பாதிப் பேர் இரவுச் சாப்பாட்டை இப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் பல கடைகளில் எந்தத் தட்டு வரும் என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். அதனால் பானம் சொல்லும்போதே சைவம் என்று சொல்லிவிட்டு, ஹாமோன், அதூன் இரண்டும் வேண்டாம் என்று தனியாகவும் சொல்லுங்கள். பன்றித்தொடைத் துணுக்கையும் சூரை மீனையும் சிலர் கறிக்கணக்கில் சேர்ப்பதில்லை. சல்மொரேஹோ என்ற தக்காளிக் குளிர்சூப் சைவம்போலத் தெரியும், மேலே ஹாமோன் தூவி வரும். நம்பிக் கேட்கக்கூடியது, கத்தரிக்காயை மெல்லிசாக அரிந்து பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவது. 'பெரென்ஹெனாஸ் கோன் மியெல்' என்று கேளுங்கள். எனக்கு இன்றைக்கும் அந்த ஊர் என்றால் அதுதான் நாக்கில் வரும். உருளைக்கிழங்கு முட்டை அடையும் எங்கும் கிடைக்கும். இரவுச் சமையல் எட்டரை, ஒன்பதுக்கு மேல்தான் தொடங்கும் என்பதை மறக்காதீர்கள்.

தங்குவதற்குப் பிளாசா நுவேவா சதுக்கத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவில் பாருங்கள். அல்ஹம்ப்ராவுக்கு எதிர் மலையில் இருக்கும் பழைய குடியிருப்பான அல்பைசின் மேட்டில் எடுத்தால் கூழாங்கல் பாதையில் பெட்டியை இழுத்து ஏற வேண்டும். ஊர் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே பனிமலை. மாலகாவில் வெயில் அடித்தாலும் இங்கே இரவில் நல்ல மேலங்கி வேண்டும். மாணவர் விடுதியில் தங்கி, பேருந்தில் போய் வந்தால் 200 யூரோ தாராளம்.

மூனிச்வாசி எழுதியது:

ஆற்றங்கரை சொன்னதோடு இரண்டு விஷயம். ஜெர்மனி வதிவிட அட்டை இருந்தால் ஸ்பெயினுக்குத் தனி விசா தேவையில்லை. எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போகலாம். ஆனால் அட்டை, கடவுச்சீட்டு இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், கைபேசிப் படம் போதாது. சில மலிவு விமானங்களில் ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்கள் முன்கூட்டியே கவுன்டருக்குப் போய் ஆவணத்தைக் காட்டிவிட்டுத்தான் பாதுகாப்புச் சோதனைக்குப் போக வேண்டும். உங்கள் டிக்கெட்டில் அப்படி ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள்.

மாலகா விமான நிலையத்திலிருந்தே கிரனாடாவுக்கு நேர்ப் பேருந்து உண்டு, ஆனால் அதிகம் இல்லை. நேரம் ஒத்துவராவிட்டால் விமான நிலைய ரயிலில் மரியா சம்பிரானோ நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே பேருந்து நிலையம். அங்கிருந்து கிரனாடாவுக்கு அடிக்கடி பேருந்து இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டு வரை ஆகும்.

தெற்குச் சாளரம் எழுதியது:

கோர்தோபாவை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். மூன்று ஊர் முடியாது என்பது சரி. ஆனால் அல்ஹம்ப்ரா டிக்கெட் கிடைக்காவிட்டால் கிரனாடாவுக்கே போகாமல் கோர்தோபா போவது நல்ல மாற்று. மாலகாவிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான். 8-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மசூதி, சிவப்பும் வெள்ளையுமான வளைவுகள், 850-க்கும் மேற்பட்ட தூண்கள், நடுவில் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பேராலயம். திங்கள் முதல் சனி வரை காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை தனியாக வருபவர்களுக்கு இலவசம். அந்த நேரத்தில் கூட்டமும் குறைவு, சத்தமும் இருக்காது. தோழிக்கும் மனக்குறை தீரும்.

கொலோன் மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் பார்த்தேன், சனிக்கிழமை பகல் டிக்கெட் ஒன்றுகூட இல்லை. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நஸ்ரித் அரண்மனைகளோடு இரண்டு இடம் இருக்கிறது. சனி இரவுப் பார்வை என்றும் ஒன்று காட்டுகிறது. எதை எடுப்பது? ஞாயிறு இரவு விமானத்தைப் பிடிக்க முடியுமா? அப்புறம் சனிக்கிழமை முழுக்க என்ன செய்வது?

ஆற்றங்கரை எழுதியது:

ஞாயிறு ஒன்பதரையை இப்போதே எடுத்துவிடுங்கள். இரவுப் பார்வையில் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் மட்டும்தான் விடுவார்கள், ஹெனரலிஃபே கிடையாது. விளக்கொளியில் அழகுதான், ஆனால் முதல் தடவை போகிறவர்கள் பகலில் பார்க்க வேண்டும். சுவரில் செதுக்கியதெல்லாம் காலை வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் துலங்கும். எட்டரைக்குத் திறப்பார்கள். ஒன்பதே காலுக்கு அரண்மனை வாசலில் நின்றால், அங்கிருந்து 'பார்தால்' என்ற தோட்டம், பிறகு ஹெனரலிஃபே என்று கிழக்கே நகர்ந்து மதியம் ஒன்றரைக்கு வெளியே வந்துவிடலாம். மூன்றரைக்கு மேல் போகாத ஒரு பேருந்தை இப்போதே பதிவு செய்தால் ஆறு மணிக்கு மாலகா விமான நிலையம். நேரம் போதும்.

சனிக்கிழமையை எதிர் மலைக்குக் கொடுங்கள். சொல்லப்போனால் இந்த வரிசைதான் எனக்குப் பிடித்தது. முதல் நாள் அல்ஹம்ப்ராவை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, மறுநாள் உள்ளே போகலாம். காலையில் ராஜ தேவாலயம், இசபெல்லாவும் பெர்டினாண்டும் அங்கே அடக்கம். எதிரிலேயே மத்ராசா, 1349-இல் முதலாம் யூசுப் நிறுவிய கல்விக்கூடம், இப்போது பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். அதன் தொழுகை அறையைப் பார்க்காமல் போகாதீர்கள், சின்ன அறைதான். அங்கிருந்து தாரோ கரையோடு நடங்கள். ஊரின் நடுப்பகுதியில் ஆற்றை 19-ஆம் நூற்றாண்டில் மூடித் தெருவாக்கிவிட்டார்கள், பிளாசா நுவேவாவைத் தாண்டினால்தான் வெளியே தெரியும். வழியில் எல் பஞ்ஞுவேலோ, 11-ஆம் நூற்றாண்டுக் குளியலறை, கூரையில் நட்சத்திர வடிவத் திறப்புகள்.

அப்புறம் அல்பைசின் ஏறுங்கள். தெரு முனைகளில் செங்கல் வளைவோடு தரையோரமாகச் சிறு வாசல்கள் தெரியும், உள்ளே இருட்டாக இருக்கும். அவை பழைய நிலவறைத் தண்ணீர்த் தொட்டிகள். இருபதுக்கும் மேல் இன்னும் மிச்சமிருக்கின்றன. அல்ஃபகார் கிராமத்து ஊற்றிலிருந்து தனி வாய்க்காலில் வந்த தண்ணீரை இவற்றில் தேக்கி வைத்துத் தெருத் தெருவாகக் குடித்தார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் இவற்றைக் கடந்து போய்விடுவார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அரண்மனைத் தண்ணீரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சாதாரண வீடுகளுக்குத் தண்ணீர் தந்த இந்தத் தொட்டிகளும் அதே அளவு வேலைதான்.

சாயங்காலம் அல்ஹம்ப்ராவைப் பார்க்க சான் நிக்கோலாஸ் காட்சி மேட்டில் கூட்டம் நெரியும். கைப்பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பக்கத்தில் 2003-இல் திறந்த மசூதியின் தோட்டம் திறந்திருந்தால் அதற்குள் போய்விடுங்கள். அதே காட்சிதான், நெரிசல் குறைவு.

தெற்குச் சாளரம் சொன்ன கோர்தோபா அருமையான ஊர், மறுப்பில்லை. ஆனால் டிக்கெட் கிடைத்துவிட்டதே. தோழியிடம் அடுத்த தடவை மாலகாவிலிருந்து நேராக அங்கே போகலாம் என்று சொல்லுங்கள். பதிவு செய்யும்போது கடவுச்சீட்டு எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபாருங்கள், பேருந்து டிக்கெட்டையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஞாயிறு மாலை மாணவர் கூட்டம் அதிகம்.