பிரேக் பிடிக்க ஸ்டியரிங் உதறுது: திருகோணமலையில டயல் கேஜ் வச்சிருக்கிற கராஜ் எது?

வணக்கம் உறவுகளே. வாங்கப் பார்க்கிற பாவிச்ச கார் ஒண்டு. நிலாவெளி வீதியில 60இல இருந்து மெல்லப் பிரேக் பிடிச்சால் ஸ்டியரிங் உதறுது, பெடலும் காலைத் தள்ளுது. பிரேக் தொடாட்டி நடுக்கமே இல்லை, அதால வீல் பேலன்ஸ் எண்டு நினைக்கேல்லை. வெறும் ரோட்டில, பட்டனை அமத்திக்கொண்டு பின் சில்லைப் பிடிக்கிற ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுத்தாலும் உதறேல்லை. ஆகவே பின் டிரம்மை விட முன் டிஸ்கிலதான் சந்தேகம்.

விக்கிறவர் பேட் மாத்தினால் சரியாம். தடிப்பு ஒரே சீரா இல்லாத டிஸ்கில புதுப் பேட் போட்டும் பிரயோசனமில்லை. எங்கட உப்புக்காத்துக்கு ஹப் (டிஸ்க் பொருந்தி நிக்கிற சில்லின்ர நடுப்பகுதி) முகத்தில துரு ஏறி, டிஸ்க் சரிஞ்சு நிண்டாலும் இப்பிடித்தான் செய்யும்.

டிஸ்கைக் கழட்டி, ஹப்பைத் தேய்ச்சு, ரன்அவுட் (டிஸ்க் சுத்தேக்க பக்கவாட்டில ஆடுற அளவு) 0.05 மி.மீ.க்குள்ள இருக்கோ எண்டு டயல் கேஜால அளந்து தரக்கூடிய ஆள் உப்புவெளிப் பக்கமோ டவுனிலயோ இருந்தால் சொல்லுங்கோ. டிஸ்கில பொறிச்சிருக்கிற குறைந்தபட்சத் தடிப்புக்கு மேல மிச்சமிருந்தால் லேத்தில சீவலாம். இல்லாட்டி ரெண்டு பக்கமும் புதுசு, அந்தக் காசை விலையில கழிக்கக் கேக்க வேணும்.