டோப்போஷீட்டையும் புகைப்படத்தையும் பொருத்திப் பார்ப்பது: மகளுக்கு எப்படிப் பழக்குவது?

நாங்கள் மேலூர். மகள் பிளஸ் ஒன், புவியியல். அடுத்த மாதம் தேர்வு. 1:50,000 டோப்போஷீட்டில் (நிலத்தின் மேடுபள்ளம், ஆறு, சாலை எல்லாம் காட்டும் விரிவான வரைபடம்) தூரம் அளப்பது (2 செ.மீ. என்றால் 1 கி.மீ.), ஆறு இலக்கக் கட்டக் குறிப்பு (ஓர் இடத்தை ஆறு எண்களால் சொல்வது), குறியீடுகள் எல்லாம் சரியாகச் செய்கிறாள். ஆனால் மாதிரித் தாளில் வரைபடத்தோடு ஒரு புகைப்படமும் சிறு பத்தியும் கொடுத்து, "படம் எந்தத் திசையில் இருந்து எடுக்கப்பட்டது?" என்று கேட்டால் நின்றுவிடுகிறாள்.

சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருங்கினால் செங்குத்துச் சரிவு என்பது தெரியும். கோட்டின் வளைவு உயரம் கூடும் பக்கம் கூர்ந்தால் பள்ளத்தாக்கு, தாழும் பக்கம் கூர்ந்தால் மலைமுனை என்பதும் தெரியும். புகைப்படத்தில் அதைக் காட்டச் சொன்னால்தான் முடியவில்லை.

அட்டையை அடுக்கி மலை மாதிரி செய்து பார்த்தோம். கூகுள் எர்த்தில் சாய்த்துக் காட்டினேன். ஒத்தக்கடைக்கே கூட்டிப்போனேன், பக்கவாட்டில் படுத்த யானையாகத் தெரியும் யானைமலை, முனையில் இருந்து பார்த்தால் வேறு மலை. அங்கே உடனே புரிந்துகொண்டாள். பார்க்காத ஊரின் வரைபடம் வந்தால் மறுபடி அதே தடுமாற்றம். அவள் சோர்ந்துபோவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புவியியல் ஆசிரியர்களே, அறிமுகமில்லாத இடத்தின் புகைப்படத்தை வரைபடத்தோடு பொருத்தும்போது மாணவர்களை முதலில் எதைத் தேடச் சொல்வீர்கள்?