சைபர்மெத்ரின் அடித்தும் ஈ சாகவில்லை: அளவைக் கூட்டலாமா, மருந்தை மாற்றலாமா?

கேள்வி – பட்டிக்காரன்

வணக்கம். கறவை மாட்டுக் கொட்டகை, பக்கத்திலேயே முட்டைக்கோழி. சுவருக்கும் கூரைக்கும் சைபர்மெத்ரின் அடித்து வருகிறோம். இப்போது அடித்த சுவரிலேயே ஈ உட்கார்ந்து எழுந்து போகிறது. சில கீழே விழுகின்றன, கொஞ்ச நேரத்தில் மறுபடி பறந்துவிடுகின்றன. டெல்டாமெத்ரினுக்கு மாறியும் வித்தியாசம் இல்லை. ஈ தின்று சாவதற்காக வைக்கும் இமிடாகுளோப்ரிட் குருணைக்கு முதலில் குவியலாகச் செத்தன. இப்போது அதைத் தொடுவதே இல்லை. மருந்தளவை இரட்டிப்பாக்கினால் பலன் இருக்குமா?

பதில் – பூச்சிநோட்டம்

தயவுசெய்து அளவைக் கூட்டாதீர்கள். தாங்கிப் பிழைக்கும் ஈக்கள் மட்டும் பெருகும். பாலிலும் முட்டையிலும் மருந்து எச்சம் சேரும் ஆபத்தும் உண்டு.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் இரண்டும் பைரித்ராய்டு என்ற ஒரே மருந்து வகுப்புதான். இரண்டும் தாக்குவது ஈயின் நரம்பில் உள்ள சோடியம் வாயிலை, அதாவது சோடியத்தை உள்ளே விடும் புரதத்தை. அந்தப் புரதத்தில் 1014-ஆம் இடத்து அமினோ அமிலமான லியூசின் ஃபினைல்அலனினாக மாறிவிட்டால் மருந்து அங்கே சரியாக ஒட்டாது. இதைத்தான் கே.டி.ஆர். (மருந்து பட்டும் வீழாத எதிர்ப்பு) என்கிறோம். டி.டி.டி.யும் அதே வாயிலைத்தான் தாக்கும். அதற்கு வீட்டு ஈ 1940-களிலேயே எதிர்ப்பு காட்டிவிட்டது. விழுந்த ஈ எழுந்து பறப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு: பி450 நொதிகள் மருந்தை உடலுக்குள்ளேயே சிதைத்துவிடும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

மாற்றும் முன் சோதித்துப் பாருங்கள். வாய் அகன்ற, இதுவரை மருந்து படாத நான்கு கண்ணாடி பாட்டில்கள். லேபிள் அளவில் கலந்த மருந்தில் நனைத்து நிழலில் காயவைத்த அட்டையை இரண்டில் வையுங்கள். மற்ற இரண்டில் வெறும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த அட்டை. பாட்டிலுக்கு 20–25 ஈ, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு, வாய்க்கு வலைத்துணி. 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். நிற்கவோ நடக்கவோ முடியாததை மட்டும் செத்ததாகக் கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் எண்ணினால் மயங்கியதெல்லாம் கணக்கில் வந்து ஏமாற்றும். தண்ணீர் பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்திருந்தால் சோதனை செல்லாது, மறுபடி செய்ய வேண்டும்.

பதில் – சாணக்குழி

எதிர்ப்பு என்று முடிவு கட்டும் முன் சுவரையும் பாருங்கள். ஒட்டடையும் தூசியும் மூடிய சுவரில் மருந்து தூசியோடு போய்விடும். சுண்ணாம்பு அடித்த சுவரின் காரத்தன்மை, ஆர்கனோபாஸ்பேட் என்ற இன்னொரு வகுப்பு மருந்துகளைச் சீக்கிரம் சிதைக்கும். அங்கே பெயின்ட் அடித்த பலகைகளில் மருந்தைத் தெளித்து, மாட்டின் நாக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடலாம்.

தரையில் செத்த ஈ நிறையக் கிடந்தும் எண்ணிக்கை குறையவில்லையென்றால் மருந்து வேலை செய்கிறது, ஆனால் சாணத்திலிருந்து புதுசு வந்துகொண்டே இருக்கிறது. வெயில் காலத்தில் முட்டை ஈயாக மாற 7–10 நாள் போதும். ஆகவே வாரம் இருமுறையாவது சாணம் அள்ள வேண்டும். தீவனத்தொட்டி ஓரம், கன்றுக்குட்டிப் படுக்கை, ஒழுகும் தண்ணீர் நிப்பிளுக்குக் கீழே, இவைதான் தப்பிப்போகும் இடங்கள். ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் புழு தேறாது.

கோழி எச்சத்தை ஒரே நாளில் முழுக்க வழிக்காதீர்கள். ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக அள்ளினால், ஈயின் முட்டையையும் இளம்புழுவையும் தின்னும் சிறு உண்ணிகளும் (மாட்டு உண்ணி அல்ல) வண்டுகளும், கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடும் குளவிகளும் மிஞ்சும். எச்சத்தின் மேல் பைரித்ராய்டு அடிப்பது இவற்றைத்தான் முதலில் கொல்லும். இதை எவ்வளவு சொன்னாலும் தகும்.

பதில் – பூச்சிநோட்டம்

குருணை விஷயம்: ஈ அதன் சுவையை ஒதுக்கப் பழகிய வம்சமாகிவிட்டது. மெத்தோமில் குருணைக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஸ்பினோசாட் குருணைக்கு மாறுங்கள், அது வேறு வகுப்பு. பெயரைப் பார்த்து மாற்றாதீர்கள், லேபிளில் உள்ள செயல்வகுப்பு எண்ணை (மருந்து ஈயை எப்படித் தாக்குகிறது என்பதைக் காட்டும் எண்) பாருங்கள்: பைரித்ராய்டு 3, இமிடாகுளோப்ரிட் 4, ஸ்பினோசாட் 5. இமிடாகுளோப்ரிடிலிருந்து தையாமெத்தாக்சாமுக்குப் போவது மாற்றமே அல்ல, இரண்டும் 4.

புழுவுக்கு சைரோமசின் (17) அல்லது டைஃப்ளுபென்சூரான் (15). இவை வளர்ந்த ஈயைக் கொல்லாது. முதல் வாரத்தில் பலன் தெரியவில்லை என்று கைவிடாதீர்கள். புழுவுக்கும் ஈக்கும் ஒரே வகுப்பைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி – பட்டிக்காரன்

நன்றி ஐயா. பிபிஓ (பைப்பரோனைல் பியூடாக்சைடு, மருந்தின் வீரியத்தைக் கூட்டச் சேர்ப்பது) கலந்த பைரித்ராய்டு கிடைக்கிறது. அது தீர்வாகுமா?

பதில் – பூச்சிநோட்டம்

பிபிஓ பி450 நொதியைத்தான் முடக்கும், சோடியம் வாயில் மாற்றத்தை ஒன்றும் செய்யாது. பாட்டில் சோதனையில் அந்தக் கலவைக்கும் இரண்டு பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலும் ஈ பிழைத்தால் பைரித்ராய்டு வகுப்பையே நிறுத்திவையுங்கள். ஈ உட்காரும் இடங்களில் 3×5 அங்குல வெள்ளை அட்டைகளை மாட்டி வாரம் ஒருமுறை அதில் ஈ இட்ட எச்சப் புள்ளிகளை எண்ணி எழுதுங்கள். அட்டைக்கு 100 புள்ளி தாண்டும்போது மட்டும் தெளியுங்கள்.