விண்டோஸ் அப்டேட் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆகுது, ஹெல்ப் பண்ணுங்க

கேள்வி: மூணு நாளா இதே கதைதாங்க. அப்டேட் இறங்குது, ரீஸ்டார்ட் ஆகி 35 சதவீதம் வரைக்கும் போகுது, அப்புறம் பழையபடியே வந்து நிக்குது. எரர் 0எக்ஸ்80070070. வேலை மொத்தமும் இந்த கம்ப்யூட்டர்லதான் இருக்கு, பயமா இருக்கு.

பதில் 1: பயப்படாதீங்க, அந்த கோடு வந்தா டிஸ்க்ல இடம் பத்தலன்னு அர்த்தம். முதல்ல ஃபைல்ஸ பேக்கப் எடுத்துக்கோங்க. சி டிரைவ்ல எவ்ளோ ஃப்ரீயா இருக்கு?

பதில் 2: இடம் இருந்தும் இதே மாதிரி ஆனா, அப்டேட் சர்வீஸ (பின்னணில அப்டேட்ட இறக்குற புரோகிராம்) ஸ்டாப் பண்ணிட்டு விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்னு ஒண்ணு இருக்கும், அதுல டவுன்லோட் ஃபோல்டர மட்டும் காலி பண்ணிட்டு சர்வீஸ திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க, பாதில கெட்டுப்போன ஃபைல் போயி புதுசா இறங்கும். ரெஜிஸ்ட்ரி கிளீனர் (விண்டோஸோட செட்டிங்ஸ் பதிவுகள சுத்தம் பண்றதா சொல்ற சாஃப்ட்வேர்) பக்கம் மட்டும் தயவுசெஞ்சு போயிடாதீங்க.

கேள்வி கேட்டவர்: சி டிரைவ்ல 3 ஜிபிதாங்க இருந்துச்சு! டிஸ்க் கிளீனப் போட்டு வீடியோவெல்லாம் வேற டிரைவுக்கு மாத்தினேன், இப்ப அப்டேட் ஏறிடுச்சு. ரொம்ப நன்றி.